ஆறு விமானிகள், மூன்று கட்டில்

ஹைதராபாத் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. அதை ஆறு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆறு பேரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விமானிகள். கட்டில்கள் மூன்று. நான் போனபோது ஒரு கட்டிலில் ஒருத்தி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்கினாள். இன்னொரு கட்டிலில் ஆள் இல்லை. தலையணையில் பள்ளம் மட்டும் இருந்தது.

என்னை அழைத்து வந்த அகிலா, அந்த ஆறு பேரில் ஒருத்தி, காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, கிசுகிசுப்பாகப் பேசினாள். "இது எனக்கும் ஷில்பாவுக்கும் சார். அவ இறங்குறப்ப நான் ஏறுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்ததே கம்மி."

மூலையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதன்மேல் நூடுல்ஸ் காய்ச்சும் சின்னச் சட்டி. சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில், யாருக்கு எந்த நேரம் எந்தக் கட்டில் என்று எழுதி அடித்துத் திருத்தியிருந்தார்கள். படியில் எதிர்ப்பட்ட வீட்டுக்கார அம்மா தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அகிலா மொழிபெயர்த்தாள்: இத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை, வீட்டுக்குள் தூக்கத்தைத்தான் குடிவைத்திருக்கிறார்கள்.

சிறு நகரங்களுக்குப் பறக்கும் விமானங்களில் புதிதாகச் சேர்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுவதற்காகத்தான் நான் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தேன். அகிலாவுக்கு நான்கு நாள் ஓய்வு வந்தது. தன் ஊருக்கு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், போகும்போது கூட வரச் சொன்னாள். "போறதையும் வர்றதையும் பார்த்தீங்கன்னா மீதியெல்லாம் நான் சொல்லவே வேணாம்."

அன்று மதியம் எதிரில் இருந்த மெஸ்ஸில் பப்பு என்கிற பருப்பும், கோங்குரா என்கிற புளிச்சகீரைத் துவையலும் சாப்பிட்டோம். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவளுக்கு வரவில்லை. சாப்பிட்டபடியே விளக்கினாள். ஒரு விமானியின் வேலைநாள் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறதோ, அதுதான் அவருடைய 'பேஸ்'. ஊரை நிறுவனம் சொல்லும். அங்கே தங்குவதும் அங்கே வந்து சேர்வதும் விமானியின் பாடு. அவள் சென்னை கேட்டிருந்தாள். சென்னையை மூத்தவர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களுக்கு மீதி இருந்த ஊர் கிடைத்தது.

ஊருக்குப் போய்வர ஊழியர் டிக்கெட் உண்டு. செலவு அதிகமில்லை. ஆனால் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இருக்கை மீந்தால்தான் இடம். அப்படிக் காத்திருக்கும் ஊழியர்களிலும் பணிமூப்புப்படிதான் வரிசை. ஒருமுறை திருச்சியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுநாள் வேலைக்கு நேரத்துக்கு வர முடியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் இன்னும் சோதனைக் காலத்தில் இருந்தாள்.

"இன்னொரு தடவைன்னா?" என்று கேட்டேன்.

"கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க," என்றாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

*

மறுநாள் திருச்சி விமானத்தில் எனக்கு இருக்கை உறுதி, அவளுக்கு இல்லை. கதவு மூடும் நேரத்தில்தான் ஏறி வந்தாள். கடைசி வரிசை, கழிப்பறையை ஒட்டிய இருக்கை. இறக்கைக்கு ஒரு விசிறி வைத்த சின்ன விமானம். அவள் ஓட்டுவதும் இதே ரகம்தான் என்பது அந்தப் பயணிகளில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியவர் அவளிடம் பெல்ட்டைப் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டாள்.

திருச்சியிலிருந்து கல்லணை வழியாகப் பேருந்து. தை மாதம், சம்பா அறுவடை. கல்லணை தாண்டியதும் சாலையின் ஒரு பாதி நெல்லுக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் முழுக்கக் காயப் போட்டு, ஓரத்தில் செங்கல்லும் முள்ளும் வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். எங்கள் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்க, நெல்லைத் தொடாமல் போனார். சென்னையில் ஒரு கல்யாணப் பந்தல் சாலையை மறித்தால் எழும் கூச்சலை நினைத்துக்கொண்டேன்.

அகிலாவின் அப்பா முருகையன் வாய்க்கால் பாலத்தில் நின்றிருந்தார். ஐம்பது தாண்டியவர், ஒல்லி. அவருடைய அப்பா அதே ஊரில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். இவருக்குக் கொஞ்சம் சொந்த நிலம் உண்டு. சீசனில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அறுவடை மிஷின்களை வரவழைத்து, யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்துக் கொடுப்பார். நாங்கள் பேசிக்கொண்டு நடப்பதற்குள் மூன்று பேர் அவரை நிறுத்தி, "எங்க வயலுக்கு எப்ப?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. மிஷின்காரர்கள் தங்குமிடம். இரண்டு கயிற்றுக் கட்டில். ஒன்றில் ஒருவர் பகல் வெளிச்சத்தில் துண்டால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரு சார். ரெண்டு பேரு மிஷின்ல, ரெண்டு பேரு கட்டில்ல," என்றார் முருகையன். "மாறி மாறிப் படுத்துக்குவாங்க. பாவம், சீசன் முடியிற வரைக்கும் வீடு வாசல் இல்லாத பொழப்பு."

அகிலா எங்களுக்கு முந்தி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவளுக்கென்று அந்த வீட்டில் ஓர் அறை இருந்தது. தேக்குக் கட்டில், புது மெத்தை, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வேலை கிடைத்ததும் வாங்கியது என்று அவளுடைய அம்மா வசந்தா சொன்னார். மாதத்தில் நான்கைந்து நாள் அதில் ஆள் படுக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு வாய்க்காலில் பிடித்த விரால் குழம்பு. புது நெல் அரிசி, கொஞ்சம் குழைந்திருந்தது. வசந்தா எனக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டார்:

"நீங்க பாப்பா வீட்டைப் பார்த்தீங்களாமே சார். எப்படி இருக்கு?"

எதிரில் அகிலாவின் கை சோற்றில் நின்றது.

"மூணாவது மாடிங்க. நல்ல காத்து வருது," என்றேன்.

"சமையக்கட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?"

"கிழக்கு." உண்மையில் அந்த அடுப்பு கிழக்குச் சுவரில்தான் இருந்தது. சமையலறை என்று ஒன்றும் இல்லை.

அவர்கள் புரிந்துகொண்டிருந்த விதம் பிறகுதான் எனக்கு விளங்கியது. 'பேஸ் குடுத்துட்டாங்க' என்று மகள் போனில் சொன்னதை, கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டது என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். ரயில்வேயில், சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்தவர்களுக்கு அப்படித்தான் கிடைத்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அகிலா மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்தே மாதங்கள் ஓடிவிட்டன.

*

மூன்றாம் நாள் வசந்தாவோடு தஞ்சாவூர் போனேன். அவருக்குப் பாத்திரக் கடையில் வேலை. எனக்குக் கோயிலைப் பார்க்க வேண்டும். கோயிலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், வெயிலில் தரை சுட்டது. சீக்கிரமே கடைக்குத் திரும்பினேன். வசந்தா ஒரு பித்தளைப் பால் குண்டானைத் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் அடுப்புல பித்தளை சுடுமா சார்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கடைக்காரர், "எல்லா அடுப்புலயும் சுடும்க்கா, பித்தளைன்னா என்ன நெனச்சீங்க," என்று முடித்துவிட்டார். கிளம்பும் முன் அசோகா அல்வா ஒரு பெரிய டப்பா வாங்கினார். யாருக்கு என்று கேட்டேன். "போற எடத்துல குடுக்கத்தான்," என்றார்.

மாலையில் வயலில்தான் எல்லோரும் இருந்தார்கள். வசந்தாவின் அண்ணன் தங்கராசுவின் வயலில் அன்றைக்கு மிஷின் இறங்கியிருந்தது. பருத்த, குரல் உயர்ந்த மனிதர். வரப்பில் நின்றபடி மருமகளை விசாரித்தார்.

"ஏம்மா, மாசச் சம்பளமா உனக்கு?"

"கொஞ்சம் மாசத்துக்கு மாமா. மீதி பறக்குற மணிக்கு."

"மணிக்கணக்கா! நம்ம மிஷின் மாதிரியா?"

"ஆமா மாமா. மிஷின் கதிரைத் தொட்டாத்தானே மணி ஓடும்? எங்களுக்கு வண்டி நகர்ந்தாத்தான் ஓடும்."

"வரப்புல நிக்கிற நேரம்?"

"அதுக்குக் கிடையாது."

"மழை பேஞ்சு நின்னா?"

"அதுக்கும் கிடையாது."

தங்கராசு மைத்துனரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, நீ ஒரு மிஷினை வாங்கிக் குடுத்துருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். முருகையனும் சிரித்தார். ஆனால் அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்காக வாங்கிய வங்கிக் கடன் அவர் பெயரில் இருந்தது. அதன் தவணை போக அவள் கையில் நிற்பது என்ன என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இருட்டும் முன்பே வயல் முடிந்தது. நெல் ஏறிய டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்குப் போனதும் தங்கராசு, "முடிஞ்சுதுடா சாமி, இனி ஃப்ரீ," என்று தோளில் துண்டை உதறிக்கொண்டார். அறுவடை முடியாமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஊரைவிட்டு நகர மாட்டார்கள். அவரும் முருகையனும் ஒரே வண்டியில் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அவர்கள் கிளம்பும் முன்பே அகிலா போனில் மறுநாள் விமானத்தைப் பார்த்திருந்தாள். பத்துக்கு மேல் இடம் காலி. "நாளைக்கு நிம்மதி சார்," என்றாள். நான் அந்த வீட்டில் தங்கிய நாட்களில் அவள் குரல் இறுக்கம் விட்டுக் கேட்டது அப்போது மட்டும்தான்.

*

நான்காம் நாள் காலை முருகையன், மிஷின் வேலை இருக்கிறது, வழியனுப்ப வர முடியாது என்றார். நான் ஊரில் இன்னும் சில நாள் இருப்பதாக ஏற்பாடு; அவளை விட்டுவிட்டுத் திரும்புவதற்காக நான்தான் கூடப் போனேன். வசந்தாவும் வாசல்வரைதான் வந்தார். காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தார்.

கல்லணை போகும் சாலையில் பேருந்து நின்றது. எதிரே செயின் சக்கரம் வைத்த அறுவடை மிஷினை ஏற்றிய லாரி. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வாய்க்கால். பேருந்தும் போக முடியாது, லாரியும் போக முடியாது. நெல்லின் சொந்தக்காரப் பெண்மணி ஓடி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, அள்ளிடுறேன்."

"அள்ளுங்க, அள்ளுங்க. நாங்க நாளைக்குப் போறோம்," என்றார் நடத்துநர். ஆனால் அவரே இறங்கி ஒரு பலகையை எடுத்து நெல்லைத் தள்ளினார். பயணிகள் சிலரும் இறங்கினார்கள். அகிலா சீருடைப் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய், குனிந்து இரண்டு கையாலும் வாரினாள்.

திரும்பி ஏறியதும் போனைப் பார்த்தாள். பிறகு மறுபடி பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுகூட இல்ல சார். ஃபுல்."

ஒரே இரவில் அத்தனை இடமும் எப்படிப் போயிருக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. விமானியறையில் ஊழியர் ஏறிக்கொள்ள ஒரு கூடுதல் இருக்கை உண்டு. அன்று அதில் ஒரு பரிசோதகர் உட்காருவதாக இருந்தது. மறுநாள் விடியலில் அவளுக்கு வேலை. ரயிலோ பேருந்தோ பிடித்தால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. போய்ச் சேர்ந்தாலும் தூங்காமல் விமானம் ஓட்ட விடமாட்டார்கள். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, திருச்சிவரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விமான நிலையத்தின் முகப்பில் பட்டுப்புடவைகளைத்தான் முதலில் பார்த்தேன். வசந்தா, முருகையன், தங்கராசு, இன்னும் ஆறு உறவினர்கள். பூதலூர்ச் சாலை வழியாக வேனில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒரு தள்ளுவண்டியில் குத்துவிளக்கு, அரிசிப் பை, உப்பு, மஞ்சள், பித்தளைக் குண்டான். கழுத்தில் மாலை இல்லாதது ஒன்றுதான் குறை.

தங்கராசு இரண்டு கையையும் விரித்தார். "எப்புடி! சொன்னா வேணாம்ப, அதான் சொல்லல. புது எடத்துல பொண்ணை யாராச்சும் தனியா விடுவாங்களா? பால் காச்சி, குடிவெச்சுட்டு, ஒரு வேளை சோறு தின்னுட்டுத்தான் வருவோம்."

ஒரு பெண் புதிதாகக் குடித்தனம் போகும் ஊருக்கு அவள் மனிதர்கள் சீரோடு போய், அடுப்பு மூட்டிவைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். போகாவிட்டால்தான் குறை. அதற்காக ஒன்பது டிக்கெட்.

"வண்டிய ஓட்டப்போறது நீதானே?" என்று ஒரு பெண் கேட்டார்.

அகிலா திரும்பினாள். அப்பாவிடம் கேட்டாள்: "எப்பப்பா போட்டீங்க டிக்கெட்டு?"

"நேத்து சாயங்காலம்தான்ம்மா. மாமா வயல் முடிஞ்சாத்தானே…" முருகையன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன்ம்மா?"

"எனக்கு சீட்டு இல்லப்பா."

யாருக்கும் புரியவில்லை. பைலட்டுக்கு எதற்கு சீட்டு என்று தங்கராசு கேட்டார். அவள் நின்றபடியே சொன்னாள், வீட்டில் சொல்லாத எல்லாவற்றையும். தான் இந்த விமானத்தை ஓட்டவில்லை; மீந்த இடத்தில் போகிறவள். இன்றைக்கு மீதி இல்லை. போகாவிட்டால் வேலை நிலைக்காது. குரல் உயரவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் தள்ளுவண்டியை ஓரம் தள்ளச் சொன்னார், தள்ளினார்கள்.

"கம்பெனி வீட்டுல…" என்று வசந்தா தொடங்கினார்.

"வீடு இல்லம்மா. கம்பெனி எதுவும் தரல. கட்டில்தான், அதுவும் பாதி." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நம்ம மிஷின்காரங்க மாதிரிதான்ப்பா."

மற்றவர்களுக்கு விளக்கம் வேண்டியிருந்தது. முருகையனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு முகப்பில் இருந்த டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்.

"இதை எம் பொண்ணு பேருக்கு மாத்திக் குடும்மா."

மாற்ற முடியாது என்றாள் உள்ளே இருந்த பெண். அவர் ரத்து செய்தால் ஓர் இடம் காலியாகும். அது காத்திருப்பு வரிசையில் முதலில் இருப்பவருக்குப் போகும். முதலில் இருப்பவர் அகிலா இல்லை. பக்கத்திலேயே நின்றிருந்தார் ஒரு மெக்கானிக், அவளைவிடப் பல வருடம் மூத்தவர். அவருக்கும் மறுநாள் காலை வேலை. சங்கடத்தோடு, "நான் வேணும்னா…" என்று தொடங்கினார். பிறகு வாக்கியத்தை முடிக்காமல் தரையைப் பார்த்தார்.

"அவரும் போகணும்ல," என்றார் முருகையன். "அப்ப ரெண்டு வேணும்."

எல்லோரும் தங்கராசுவைப் பார்த்தார்கள். அவர் குத்துவிளக்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"தாய்மாமன் இல்லாம என்னய்யா சீரு? வெளக்கை யாரு எடுத்து வைக்கிறது?"

"மச்சான்," என்றார் முருகையன். அவ்வளவுதான்.

தங்கராசு விளக்கைத் தங்கையிடம் கொடுத்தார். "ஊர்ல போயி பிளேன் ஏறுனேன்னுதான் சொல்லுவேன். யாரும் காட்டிக் குடுக்கக்கூடாது," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு டிக்கெட்டும் ரத்தாயின. திருப்பிக் கிடைத்தது சொற்பம். மெக்கானிக்கின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். அவர் முருகையனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்தது அகிலா. போகும்போது அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். "போ, போ, கதவை மூடிருவான்," என்று அவர் விடுவித்துக்கொண்டார்.

*

வேனில் நாங்கள் மூன்று பேர்தான் திரும்பினோம். தங்கராசு செங்கிப்பட்டிக்கு முன்பே தூங்கிவிட்டார். முருகையன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காத்து வருதுன்னு சொன்னீங்களே. அது நெசமா சார்?"

"நெசம்தாங்க. ஒரு ஜன்னல் பெருசு."

தலையை ஆட்டிக்கொண்டார்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகு, மாலையில் வசந்தாவின் போன் வந்தது. முருகையன் ஸ்பீக்கரில் போட்டார். அறைக்குள் இரண்டு பெண்கள் வேலைக்குப் போகுமுன் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். அதனால் எல்லோரும் பட்டுப்புடவையோடு வெளி நடையில் சத்தமில்லாமல் நின்றார்கள். அந்த அடுப்பில் பித்தளை சுடவில்லை. கடைக்காரனை வசந்தா ஒரு வார்த்தை திட்டினார்.

"அப்பறம்?"

"நூடுல்ஸ் சட்டி ஒண்ணு வெச்சிருக்குதுங்க. அதைத் தேச்சுக் கழுவி அதுல காச்சினேன். பொங்கிருச்சு. குலவை போட வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டோம். தூங்குதுங்கல்ல."

"பாப்பா?"

"படுத்துருச்சு. அந்த ஷில்பா பொண்ணு எந்திரிச்சு எடம் குடுத்துச்சு. அல்வா குடுத்தேன், நின்னுக்கிட்டே தின்னுச்சு." பிறகு சொன்னார்: "கட்டில் மூணுதாங்க இருக்கு."

"தெரியும்," என்றார் முருகையன்.

போனை வைத்துவிட்டு மகளின் அறைக்குள் போனார். மெத்தையைச் சுருட்டி எடுத்து வெளியே வைத்தார். தங்கராசுவைக் கூப்பிட்டு இருவருமாகத் தேக்குக் கட்டிலைச் சாய்த்து நிலைப்படி தாண்டி எடுத்தார்கள். நானும் ஒரு காலைப் பிடித்தேன், எதிர்பார்த்ததைவிடக் கனம். கொல்லை வழியாகச் சுற்றிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், இரண்டு கயிற்றுக் கட்டில்களுக்குப் பக்கத்தில் போட்டோம்.

வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மிஷின்காரர், தூசி படிந்த முகத்தோடு வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணே, இது பாப்பா கட்டில்ல?"

"ஆமா," என்றார் முருகையன். மெத்தையை விரித்து, ஓரத்தை உள்ளே மடித்துவிட்டார். "காலைக் கழுவிட்டு வந்து படு."